முதல் ஸலாம் யாருடையது?

"அவர்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை." கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும், வேதாளையிலும் மண்டபத்திலும், பாம்பனிலும் இராமேஸ்வரத்திலும் இவ்வாக்கியத்தைக் கேளாத இல்லம் அரிது. திருமண அழைப்பிதழுக்குப் பெயர்ப் பட்டியல் எழுதும் வேளையில்தான் இது பெரும்பாலும் வெளிவருகிறது. ஒரு பெயர் வாசிக்கப்படுகிறது. வீட்டிலுள்ள மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எழுதுபவரின் பேனா நின்றுவிடுகிறது. பெயருக்குரியவர் அந்நியரல்லர். ஒரே மதரஸாவில் உடன் ஓதியவர். ஒரே ஸஹனில் கைவைத்து உண்டவர். கொழும்புக் கடையில் ஒரே பாயில் படுத்துறங்கியவர். பிணக்கின் காரணத்தைக் கேட்டால் பங்குக் கணக்கு என்பார்கள், எல்லைக்கல் என்பார்கள், பெண் கேட்டு மறுத்த கதை என்பார்கள். பல வீடுகளில் காரணத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் எவரும் இப்போது இல்லை. காரணம் மறைந்துபோய் மௌனம் மட்டும் பிழைத்திருக்கிறது.

இவ்விருவரும் ஒரே பள்ளிவாசலில், சில வேளைகளில் ஒரே அணிவகுப்பில், தோளோடு தோள் நின்று தொழுகிறார்கள். தொழுகையின் இறுதியில் வலப்புறமும் இடப்புறமும் திரும்பி ஸலாம் கூறுகிறோமே, அது வெறும் கழுத்தசைவு அன்று. நம் கடற்கரை மக்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்களைப் புரட்டிப் பாருங்கள். அப்போது தம் வலத்திலும் இடத்திலும் உள்ள மலக்குகளுக்கும் மனிதர்களுக்கும் ஸலாம் உரைப்பதாக நிய்யத் வைத்தல் சுன்னத்து என்று இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். பத்தாண்டுகளாக முகங்கொடுத்துப் பேசாத மனிதர் வலப்புறம் அமர்ந்திருந்தால், அவருக்கும் அந்த ஸலாம் போய்ச் சேருகிறது. அல்லாஹ்வின் இல்லத்தில் அவர்மீது சாந்தி உண்டாகட்டும் என்று வேண்டியவர், வாயிற்படியைக் கடந்து செருப்பை மாட்டியதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடக்கிறார். எது உண்மை? உள்ளே கூறியதா, வெளியே கூறாததா?

மூன்று நாள்களுக்கு மேல் தன் சகோதரனை வெறுத்து ஒதுக்கியிருப்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதன்று என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை அறியாதார் நம்மில் இலர். இருவர் எதிர்ப்பட்டு இருவரும் முகம் திருப்பிக்கொள்ளும் நிலையில், முதலில் ஸலாம் உரைப்பவரே அவ்விருவரில் சிறந்தவர் என்பதும் அதே திருவாக்கின் பகுதி. ஓராண்டுக் காலம் சகோதரனை ஒதுக்கி வைப்பதை இரத்தம் சிந்துவதற்கு ஒப்பிட்டும் பெருமானார் எச்சரித்துள்ளார்கள். திங்களும் வியாழனும் சுவர்க்கத்தின் வாயில்கள் திறக்கப்பட்டு அடியார்களின் பாவங்கள் மன்னிக்கப்படும் போது, பகைமை கொண்ட இருவரின் காரியம் மட்டும் அவர்கள் சமாதானமாகும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது என்று ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். இது வெள்ளிக்கிழமை இதழ். வாயில் திறந்த வியாழன் நேற்றுத்தான் கழிந்தது.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் ஏன் பேச முடிவதில்லை? ஈமான் குறைவு என்று மேடையில் நின்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எளிது. அப்படி முடித்துவிடாதபடி ஸஹீஹுல் புகாரியில் ஒரு வரலாறு இருக்கிறது. அது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றியது.

அன்னையாரின் தமக்கை அஸ்மா (ரலி) அவர்களின் மைந்தர் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி). பிள்ளைப்பேறு இல்லாத அன்னையார் இந்த அப்துல்லாஹ்வின் பெயரைக் கொண்டே 'உம்மு அப்துல்லாஹ்' என அழைக்கப்பட்டார்கள். அவ்வளவு நெருங்கிய பாசம். அன்னையாரோ கைக்கு வந்ததை வந்தவுடன் வழங்கிவிடும் இயல்பினர். அவர்கள் செய்த ஒரு விற்பனையோ கொடையோ மருமகனாருக்கு மிகையாகப் பட்டது. இவர்கள் இதை நிறுத்தாவிடில் இவர்களுடைய கொடுக்கல் வாங்கலுக்கு நானே தடை விதிப்பேன் என்று அவர் கூறிவிட்டார். அச்சொல் அன்னையாரின் செவிக்கு எட்டியது. இனி இப்னு ஸுபைருடன் ஒருபோதும் பேசுவதில்லை என்று நேர்ச்சை செய்துவிட்டார்கள்.

நாள்கள் நீண்டன. இப்னு ஸுபைர் பரிந்து பேச ஆள் அனுப்பினார், பலிக்கவில்லை. இறுதியில் மிஸ்வர் இப்னு மக்ரமா, அப்துர் ரஹ்மான் இப்னு அஸ்வத் ஆகிய இருவரையும் அணுகி, எவ்வாறேனும் தம்மை அன்னையாரிடம் கொண்டு சேர்க்குமாறு இறைஞ்சினார். அவ்விருவரும் தம் மேலாடைகளால் அவரை மறைத்துக்கொண்டு வாசலில் நின்று ஸலாம் கூறி, உள்ளே வரலாமா என அனுமதி கேட்டனர். வாருங்கள் என்றார்கள் அன்னையார். நாங்கள் எல்லாருமா என்று கேட்டனர். ஆம், எல்லாரும் வாருங்கள் என்றார்கள், உடன் வந்திருப்பவர் யாரென அறியாமலே. (சமாதானத் தூதுவர்களுக்குக் கொஞ்சம் சாமர்த்தியமும் வேண்டியிருக்கிறது!) உள்ளே நுழைந்ததும் இப்னு ஸுபைர் திரைக்கு அப்பால் சென்று சிற்றன்னையைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினார். வெளியே நின்ற இருவரும் மூன்று நாள் பற்றிய நபிமொழியைத் திரும்பத் திரும்ப நினைவூட்டினர். அன்னையாரும் அழுதார்கள். நான் நேர்ச்சை செய்துவிட்டேனே, நேர்ச்சை கடுமையானதாயிற்றே என்று தயங்கினார்கள். அவ்விருவரும் விடவில்லை. ஈற்றில் அன்னையார் பேசினார்கள். முறித்த நேர்ச்சைக்கு ஈடாக நாற்பது அடிமைகளை விடுதலை செய்தார்கள். அதற்குப் பின்னரும் அந்த நேர்ச்சையை நினைக்கும் போதெல்லாம் முக்காடு நனையுமளவு அழுவார்கள் என்று அறிவிப்பாளர் கூறுகிறார்.

மூன்று நாள் நபிமொழியை அன்னை ஆயிஷா நாயகி அறியாதவர்களா? மார்க்கத்தின் பெரும் பகுதியை உம்மத்துக்குக் கற்றுத் தந்தவர்களே அவர்கள்தாம். அறிந்தவர்களுக்கும் மௌனத்தை உடைப்பது அத்தனை பாரமாயிருந்தது. பாசம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆழத்தில் காயமும் தங்கியிருந்தது. மருமகனார் நேரே வந்து நிற்க இயலவில்லை. இடையே இரு மனிதர் தேவைப்பட்டனர். பேசிய பின்னும் கண்ணீர் உடனே வற்றிவிடவில்லை. 'போனது போகட்டும்' என்று ஒரு சொல்லில் எல்லாம் சரியாகிவிட வேண்டுமென எதிர்பார்ப்போர் அந்த நனைந்த முக்காட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்துள் நேர்ந்தது இது. பெருந்தொகையான நண்பர்களுக்கு இடையே ஒரே நாளில் இத்தகைய மௌனம் விழுந்த ஒரு வரலாறு நம் கரைக்கு நேர் எதிரே நிகழ்ந்திருக்கிறது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1914ஆம் ஆண்டு முதல் இரயிலில் வந்து இறங்கிக் கப்பலேறினால் மறுகரை. நம் பாட்டன்மார் கொழும்புக்குச் சரக்கெடுக்கச் சென்ற வழி அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் சென்றது. 1980களில் ஈழத்துப் பூசலால் அதுவும் நின்றது. எதிர்க்கரையில் எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலி என்று முஸ்லிம் ஊர்கள். அங்கும் ஷாபிஈ மத்ஹபு. அங்கும் தமிழே தாய்மொழி. வடக்கே யாழ்ப்பாணத்தில் சோனகர் தெரு. அங்கெல்லாம் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமான தமிழரோடு நம்மவர் தலைமுறை தலைமுறையாக வேலி பகிர்ந்து வாழ்ந்தனர். நோன்புக் கஞ்சி வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. பொங்கல் இந்தப் பக்கம் வந்தது.

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் இவ்வாழ்வு முறிந்தது. விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி கட்டளையிட்டனர். யாழ்ப்பாண நகரத்து மக்களுக்கு அக்டோபர் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. உடுத்த துணியும் ஒரு சிறு தொகையுமே கையில் மிஞ்சின. மன்னார்த் தீவினர் பலர் தோணிகளில் தெற்கே கற்பிட்டிக்குச் சென்றனர். ஏனையோர் கால்நடையாகவும் வண்டிகளிலும் புத்தளம் சேர்ந்தனர். இவ்வாறு வேரறுக்கப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அதே 1990ஆம் ஆண்டில்தான் போருக்கு அஞ்சிய மன்னார்த் தமிழர்கள் படகேறி நம் இராமேஸ்வரக் கரையில் இறங்கி மண்டபம் முகாமில் தங்கினார்கள். ஒரே தீவின் அண்டை வீட்டார். ஒருவர் வடமேற்கே படகு விட்டார், மற்றவர் தெற்கே தோணி விட்டார். முகாமில் இறங்கியவருக்குக் கஞ்சி கொடுத்த நம் மக்களில் எத்தனை பேர் அவருடைய பழைய அயலவர் எங்கே என்று கேட்டிருப்பார்கள்?

அவர்கள் வெளியேறிய அன்று கண்ணீர் விட்ட தமிழ் அயலவர் உண்டு. துப்பாக்கிக்கு அஞ்சிக் கதவைச் சார்த்திக்கொண்டு உள்ளே இருந்தவரும் உண்டு. விட்டுச் சென்ற பொருள்கள் பின்னர் விற்பனைக்கு வந்த போது வாங்கியவர்களும் உண்டு. பெரும்பாலோர் தம் கையால் எந்தத் தீங்கும் செய்யவில்லை. ஆனால் கட்டளையிட்ட துப்பாக்கிக்காரனைவிட, பார்த்துக்கொண்டு நின்ற நண்பனின் மௌனமே நெஞ்சில் அதிகம் தைத்தது. துப்பாக்கிக்காரனிடம் எவரும் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லையே. அதற்குப் பின் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் போர் சாலையை அடைத்துவிட்டது. புத்தளத்து ஓலைக் குடிசையில் இருந்தவர் பேசவில்லை, மனம் புண்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் இருந்தவரும் பேசவில்லை. என்ன முகத்தோடு பேசுவது என்ற கூச்சம். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரு மௌனங்களும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றில் கோபமும் மற்றொன்றில் வெட்கமும் இருப்பதை அவ்விருவருமே ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை. நம் ஊர்ப் பிணக்குகளிலும் பெரும்பாலும் இதுதான் நிலை. நம்மை மதிக்காததால் பேசவில்லை என்று இவர் எண்ணியிருக்க, வெட்கத்தால் வாய் வராமல் அவர் அங்கே உட்கார்ந்திருப்பார்.

2002 பிப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டு யாழ்ப்பாணச் சாலை திறந்தது. ஏப்ரல் மாதம் கிளிநொச்சியில் புலிகளின் தலைமை, முஸ்லிம்கள் திரும்பிவருவது குறித்து ரவூப் ஹக்கீம் அவர்களுடன் உடன்பாடு கண்டது. நடந்ததை மறந்து மன்னிக்க வேண்டும் என்ற பொருளிலும் அத்தலைமை பேசியது. அவ்வளவேனும் கூறினார்களே என்று ஆறுதலடைந்தவர் உண்டு. நாம் அதைக் குறைத்துக் கூறவில்லை. எனினும் மார்க்கச் சட்டம் இங்கே நுட்பமான ஒன்றைப் போதிக்கிறது. அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்துக்கு வருந்தித் திருந்தினால் தவ்பா நிறைவேறும். அடியானின் உரிமையைப் பறித்திருந்தாலோ, பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் அல்லது உரியவனிடம் ஹலால் பெற வேண்டும். 'மறந்துவிடு' என்று கேட்கும் உரிமை குற்றம் செய்தவனுக்கு எந்தக் கிதாபிலும் கொடுக்கப்படவில்லை. மன்னிப்பது பாதிக்கப்பட்டவரின் கொடை. மறப்பதோ அவர் கையிலும் இல்லாத காரியம். முதலில் நடந்ததை நடந்ததாகச் சொல்ல வேண்டும். பின்னாட்களில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பைச் சேர்ந்த எம்.ஏ. சுமந்திரன் அவர்கள் அந்த வெளியேற்றத்தை இனச்சுத்திகரிப்பு என்றே பகிரங்கமாகப் பெயரிட்டுக் கூறினார்கள். தம் சமூகத்தாரிடையே கசப்பை வாங்கிக்கொண்டு கூறிய சொல் அது. அதன் மதிப்பு மிகப் பெரிது.

2009இல் போர் முடிந்து திரும்பியவர்கள் முசலிப் பகுதியில் தம் ஊர்களைக் காடு மூடியிருக்கக் கண்டார்கள். வேறிடங்களில் தம் வீட்டில் வேறொருவர் குடியிருந்தார். நிலத் தகராறுகள் எழுந்தன. எல்லாச் சந்திப்பும் தழுவலில் முடியவில்லை. முடியுமென்று எழுதினால் அது பொய்யாகும். பழைய நண்பர்கள் வேலியோரம் நின்று பேசிக்கொண்டதும் உண்டு. பேச்சு பெரும்பாலும் கிணற்றைப் பற்றியோ பனையைப் பற்றியோ இறந்துபோனவர்களைப் பற்றியோ தொடங்கியது. நடந்ததைத் தொடுவதற்கு இன்னும் பல மாலைப் பொழுதுகள் தேவைப்பட்டன.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. அதை மறைத்து எழுதுவது நீதியாகாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் புலிகளால் கொல்லப்பட்டதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம், வைத்திருக்கவும் வேண்டும். அதே ஆகஸ்டில் வீரமுனையில் தமிழ் மக்கள் கொல்லப்பட்ட கொடுமையில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீதும் குற்றச்சாட்டு உண்டு. அதை நம் மஜ்லிஸ்களில் எவரும் எடுப்பதில்லை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் தேவாலயங்களில் குண்டு வெடிக்கச் செய்தனர். மாண்டவர்களில் தமிழரும் பலர். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, அக்கொலைகாரரின் உடல்களை ஏற்று அடக்கமாட்டோம் என அறிவித்தது. அதுவும் ஒரு முதல் வார்த்தைதான். அக்குற்றத்தை அச்சமுதாயம் செய்யவில்லை. ஆயினும் அன்று முதலில் வாய் திறக்க வேண்டிய முறை அதனுடையதாயிருந்தது. முறை எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை.

கடலைத் தாண்டி இவ்வளவு தூரம் வாசகர்களை அழைத்துச் சென்றது, நம் வாசலில் உள்ள பிணக்கைச் சிறிதாக்கிக் காட்டுவதற்காக அன்று. அத்தனை பெரும் காயத்துக்கு அப்பாலும் வேலியோரம் நின்று பேசத் துணிந்தவர்கள் இருக்க, பங்குக் கணக்குக்காகப் பேசாதிருப்பவர் சற்று யோசிக்கலாம். அதைவிட முக்கியம் பிள்ளைகள். தகப்பன்மாரின் மௌனத்தைப் பிள்ளைகள் சொத்துப் போலப் பெறுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அமரும் இரு சிறுவர், 'அவன் வீட்டுக்குப் போகாதே' என்ற கட்டளையைக் காரணம் அறியாமலே கடைப்பிடிக்கிறார்கள். நம் பெண்மக்களுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டென்று கருதுகிறோம். மையித்து வீட்டிலும் பிள்ளை பெற்ற வீட்டிலும் அவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தே தீர்கிறார்கள். மிஸ்வர் (ரலி) அவர்களின் பணியைச் சத்தமின்றிச் செய்துவரும் மூதாட்டிகள் நம் தெருக்களில் பலர். இருவரைச் சேர்த்து வைப்பதற்காக நல்லதைக் கூட்டிச் சொல்பவர் பொய்யர் ஆகார் என்று பெருமானாரே சலுகை அளித்திருக்கிறார்கள்.

இக்காலத்தில் மார்க்கத்தின் பெயராலேயே பேச்சு நின்றுபோன இல்லங்களும் பெருகியுள்ளன. தராவீஹ் எட்டா இருபதா, மவ்லிது ஓதலாமா கூடாதா என்ற விவாதத்தில் தொடங்கி, உடன் ஓதிய ஆலிம்கள் ஒருவர் ஸலாமுக்கு மற்றவர் பதில் கூறாத நிலை வரை வந்துவிட்டது. நம் இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களோடு ஒரு மஸ்அலாவில் வாதிட்டுப் பிரிந்தார் யூனுஸ் அஸ்ஸதபீ. பின்னர் சந்தித்த போது இமாமவர்கள் அவர் கையைப் பற்றிக்கொண்டு, ஒரு மஸ்அலாவில்கூட ஒத்துப்போகாவிட்டாலும் நாம் சகோதரர்களாய் இருக்கலாகாதா என்று வினவினார்கள். ஷாபிஈ மத்ஹபினர் என்று பெருமை கொள்வோர் அந்தக் கையையும் பின்பற்றலாமே!

தபூக் யுத்தத்துக்குச் செல்லாது தங்கிவிட்ட கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களை ஐம்பது நாள்கள் எவரும் பேசாது ஒதுக்கி வைத்ததைச் சிலர் தம் பிணக்குக்கு ஆதாரமாகக் காட்டுவதுண்டு. அது ஹிஜ்ரி 9ஆம் ஆண்டில் இறைத்தூதரின் கட்டளையால் நடந்தது. சொந்த மனஸ்தாபத்துக்கு அது சான்றாகாது. ஆனால் அந்த வரலாற்றில் நாம் காண வேண்டியது வேறொன்று இருக்கிறது. தனிமை தாளாமல் கஅப் அவர்கள், தம் சிறிய தந்தையின் மகனும் தமக்கு எல்லாரினும் பிரியமானவருமான அபூ கதாதாவின் தோட்டத்துச் சுவரேறிக் குதித்து ஸலாம் கூறினார்கள். பதில் வரவில்லை. அல்லாஹ்வையும் ரசூலையும் நான் நேசிப்பதை நீ அறிவாய் அல்லவா என்று மும்முறை கேட்டார்கள். அல்லாஹ்வும் அவனுடைய தூதருமே நன்கறிவர் என்பது மட்டுமே விடை. கண்கள் நீர் சொரிய அதே சுவரேறித் திரும்பினார்கள். ஐம்பதாம் நாள் வைகறையில் மன்னிப்பின் நற்செய்தி வந்தது. பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். மக்கள் சூழ அண்ணலார் வீற்றிருந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து தல்ஹா இப்னு உபைதில்லாஹ் (ரலி) எழுந்து விரைந்தோடி வந்து கை கொடுத்து வாழ்த்தினார். முஹாஜிர்களில் வேறு எவரும் எழவில்லை. ஆண்டுகள் பல சென்று, கண்பார்வை இழந்த முதுமையில், தம்மைக் கைப்பிடித்து நடத்திச் சென்ற மகன் அப்துல்லாஹ்விடம் இவ்வரலாற்றை உரைத்தபோது, தல்ஹா எழுந்து வந்த அந்தச் சில அடிகளைத் தாம் ஒருபோதும் மறக்கவில்லை என்று கஅப் அவர்கள் கூறினார்கள்.